நிக்கறதும் ஒரே வேகத்துல போறதும் ஒரே கணக்குதானுங்க: விசையை புதுசா படிக்கறவங்களுக்கு

ஒம்பதாவது, பத்தாவது படிக்கற புள்ளைங்க, அவங்களுக்கு ஊட்ல உக்காந்து சொல்லிக்குடுக்கற அப்பா அம்மா, குரூப் எக்ஸாமுக்காக சயின்ஸை மறுபடி கையில எடுத்தவங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதறனுங்க. சமன் செய்யப்பட்ட விசை, சமன் செய்யப்படாத விசைன்னு புஸ்தகத்துல ரெண்டு பாராவுல முடிச்சிருவாங்க, ஆனா இந்த எடத்துல கால் சரியா ஊணலைன்னா அப்பறம் வர்ற முடுக்கம், உந்தம், பிளஸ் ஒன்ல வர்ற சாய்தளக் கணக்கு எல்லாமே ஆட்டங்காணும். அதனால அவசரமில்லாம, நம்ம பக்கம் கண்ணுல படற சாமானத்தையே வெச்சு ஒவ்வொண்ணா பாக்கலாம்.

எடுத்ததும் ஒரு கேள்வியை மனசுல போட்டுக்கோங்க. அந்தப் பொருளோட வேகமோ, அது போற திசையோ மாறுதா? மாறலைன்னா அதுமேல இருக்கற விசையெல்லாம் (விசைன்னா தள்றதும் இழுக்கறதுந்தான்) கூட்டிக் கழிச்சு மிச்சம் சைபர், அது சமன். மாறுதுன்னா எந்தப் பக்கமோ மிச்சம் இருக்குது, அது சமன் இல்லை. அந்த மிச்சத்துக்குத்தான் புஸ்தகத்துல தொகுபயன் விசைன்னு பேரு. "நகருதா, நிக்குதா"ன்னு பாத்து முடிவு பண்ணவே கூடாதுங்க, நெம்ப பேரு தடுக்கி விழற எடம் அதுதான்.

மொத வேலை: ஒரே ஒரு பொருளைப் புடிங்க

ஈரோட்டு மஞ்சள் மண்டியில சிமெண்ட் தரைமேல ஒரு மூட்டை கெடக்குதுன்னு வெச்சுக்கோங்க, நிறை 50 கிலோ. இப்ப நமக்கு மூட்டை மட்டுந்தான். தரையோ, தள்ற ஆளோ, பக்கத்து மூட்டையோ நம்ம கணக்குல பொருள் கெடையாது, அவங்கெல்லாம் மூட்டைமேல விசை குடுக்கறவங்க, அவ்வளவுதான். நோட்டுல ஒரு கட்டம் போட்டு அதுக்குள்ள "மூட்டை"ன்னு எழுதிருங்க, இனிமே அந்தக் கட்டத்தைத் தாண்டி வெளிய போகக்கூடாது.

ரெண்டாவது: அம்புக்குறி போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஆளைக் கேளுங்க

மூட்டையை பூமி கீழ இழுக்குது. ஒரு கிலோவுக்கு 9.8 நியூட்டன் (விசையை அளக்கற அலகு இது), கணக்கு சுலபமா இருக்கட்டும்னு 10னு வெச்சா 500 நியூட்டன். கீழ பாத்து ஒரு அம்பு போட்டாச்சு. இது மட்டுந்தான் இருந்துச்சுன்னா மூட்டை பூமிக்குள்ள போயிக்கிட்டே இருக்கோணும், போகலையே, அப்ப மேல பாத்து 500 நியூட்டனுக்கு ஒருத்தர் தள்றாங்க. அது தரை.

"தரை எப்படிங்க தள்ளும், அது சும்மாதான கெடக்குது"ன்னு புள்ளைங்க கேக்கும், கேக்கட்டும், கேக்காம தலையாட்டுற புள்ளைக்குத்தான் கவலைப்படோணும். கயித்துக் கட்டில்ல உக்காந்து பாக்கச் சொல்லுங்க. உக்காந்ததும் கயிறு கீழ தொய்யும், தொய்யத் தொய்ய விறைப்பு கூடும், நம்ம எடை எவ்வளவோ அவ்வளவுக்கு கயிறு மேல தள்ள ஆரம்பிச்சதும் அதோட தொய்யறது நின்னுபோகும். குண்டான மாமா உக்காந்தா இன்னும் எச்சாத் தொய்யும், அவருக்குத் தகுந்த மாதிரி எச்சாத் தள்ளும். சிமெண்ட் தரையும் இதேதான் பண்ணுது, ஆனா அது அமுங்கறது கண்ணுக்குத் தெரியாத அளவு, அதனால சும்மா கெடக்கற மாதிரி தோணுது. எடைக்குத் தகுந்த மாதிரி தரை தன்னோட தள்ளலை தானே சரி பண்ணிக்குது, இது புடிபட்டுச்சுன்னா பாதிக் கெணறு தாண்டியாச்சுங்க.

அம்பு போடறப்ப ஒரு கட்டுப்பாடு வெச்சுக்கோங்க: ஒவ்வொரு அம்புக்கும் "இதை யாரு குடுக்கறாங்க?"ன்னு கேக்கோணும். பூமி, தரை, கயிறு, ஆளோட கை, காத்து, தண்ணி, காந்தம்னு பதில் வந்தா அம்பு இருக்கட்டும். பதில் வரலைன்னா ரப்பரை எடுத்து அழிச்சுருங்க. மேல தூக்கிப்போட்ட பந்தைப் படம் போடச்சொன்னா பத்துல எட்டுப் புள்ளைங்க மேல பாத்து ஒரு அம்பு போட்டு "கை தள்ளுன விசை"ன்னு எழுதும். கைதான் பந்தை உட்ருச்சே, அப்பறம் யாரு தள்றா? யாருமில்லை. பந்துமேல இருக்கறது பூமியோட இழுப்பும் கொஞ்சம் காத்தும் மட்டுந்தான், பந்து மேல போறப்பவும், உச்சியில ஒரு நொடி நிக்கறப்பவும், கீழ வர்றப்பவும். உச்சியில வேகம் சைபர்தான், ஆனா அந்த நொடியிலயும் விசை சமன் இல்லைங்க, சமனா இருந்திருந்தா பந்து அங்கயே தொங்கிக்கிட்டு இருக்கோணும்.

மூணாவது: ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியா கணக்குப் போடுங்க

மேல-கீழ ஒரு கணக்கு, பக்கவாட்டுல ஒரு கணக்கு, ரெண்டையும் கலக்கக்கூடாது. நம்ம மூட்டைக்கு மேல-கீழ 500க்கு 500, சரியாப் போச்சு. இப்ப ஒருத்தர் பக்கவாட்டுல தள்றாரு. தரைக்கும் மூட்டைக்கும் நடுவுல உராய்வு இருக்குது, அசையாம இருக்கறப்ப அது 200 நியூட்டன் வரைக்கும் தாங்கும், அசைஞ்சு போனதுக்கப்பறம் 180 நியூட்டன்னு வெச்சுக்கலாம் (நகர ஆரம்பிச்சதும் உராய்வு பொதுவா கொஞ்சம் கம்மியாகும், வண்டி தள்ளுனவங்களுக்கெல்லாம் இது தெரியும்).

அவரு 100 நியூட்டன்ல தள்றாரு, மூட்டை அசையல. உராய்வு எவ்வளவு? 200ன்னு சொன்னீங்கன்னா தப்பு, 200 நியூட்டன் எதுத்துச்சுன்னா மூட்டை தள்றவரு மேலயே வந்து மோதியிருக்கோணும். உராய்வும் தரை மாதிரியேதான், தேவைக்குத் தகுந்த அளவு மட்டும் எந்திரிக்கும், அப்ப 100. அவரு 150க்கு ஏத்துனா உராய்வும் 150. ரெண்டு நேரத்துலயும் மிச்சம் சைபர், சமன்.

இப்ப தம் புடிச்சு 250 குடுக்கறாரு. உராய்வால 200க்கு மேல முடியல, மூட்டை பேந்துக்கிட்டு நகருது, நகர்ந்ததும் உராய்வு 180 ஆகுது. 250ல 180 போனா மிச்சம் 70 நியூட்டன். மிச்ச விசையை நிறையால வகுத்தா வர்றதுதான் முடுக்கம்; 70ஐ 50 கிலோவால வகுத்தா 1.4, அப்படின்னா ஒவ்வொரு செகண்டு ஆக ஆக மூட்டையோட வேகம் செகண்டுக்கு 1.4 மீட்டர் கூடிக்கிட்டே போகும். சமன் இல்லாத விசை, அதனால வேகம் மாறுது.

அடுத்து வர்றதுதான் இந்தக் கட்டுரையோட உசுருங்க, சித்தே நிதானமாப் படிங்க. மூட்டை ஓடிக்கிட்டிருக்கறப்பவே அவரு தள்றதை 250ல இருந்து 180க்குக் கொறைக்கறாரு. தள்றது 180, உராய்வு 180, மிச்சம் சைபர். மூட்டை நிக்குமா? நிக்காது. எந்த வேகத்துல போய்க்கிட்டிருந்துச்சோ அதே வேகத்துல நேரா போய்க்கிட்டே இருக்கும். விசை சமனாயிருச்சுன்னா வேகம் மாறாதுன்னுதான அர்த்தம், வேகம் இருக்காதுன்னு யாரு சொன்னாங்க? மூட்டையை நிறுத்தோணும்னா விசை மறுபடி சமன் கெடோணும்: அவரு 100க்குக் கொறைச்சாருன்னா பின்னாடிப் பக்கம் 80 மிச்சம், ஒவ்வொரு செகண்டும் வேகத்துல 1.6 கொறையும், கடைசில நின்னுபோகும். நின்னதும் உராய்வு 100 ஆகி மறுபடி சமன்.

ஆக மூட்டை சும்மா கெடந்தப்பவும் சமன், ஒரே வேகத்துல ஓடுனப்பவும் சமன், வேகம் புடிச்சப்பவும் வேகம் கொறைஞ்சப்பவும் மட்டுந்தான் சமன் இல்லை. இந்த ஒரு மூட்டைக் கதையை பேப்பர் பாக்காம நீங்களே நம்பர் மாத்தி எழுதிப் பாருங்க, முடிஞ்சா மீதியெல்லாம் தானா வரும்.

"அப்ப எதுக்குங்க பெட்ரோல் போடோணும்?"

நல்ல கேள்வி. காந்திபுரத்துல ஏறி அவினாசி ரோட்டுல பஸ்ஸுல போறீங்க, டிரைவரு முள்ளை 60லயே வெச்சு ஓட்றாரு, ரோடு நேரா இருக்குது. பஸ்ஸுமேல இருக்கற விசையோட மிச்சம் சைபர். ஆனா ஆக்சிலேட்டர்ல கால் இருக்குதே? ஆமாங்க, முன்னாடி இருந்து காத்து எதுக்குது, டயர் உருள்றப்ப ரோடு கொஞ்சம் புடிக்குது, இந்த ரெண்டோட கூட்டுத்தொகைக்கு சமமா முன்னாடி தள்ளத்தான் எஞ்சின் வேலை செய்யுது. எதுப்பே இல்லைன்னா எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு கோயம்புத்தூர்ல இருந்து சேலம் வரைக்கும் உருண்டுக்கிட்டே போயிரலாம். பூமிமேல எதுப்பு இல்லாத எடம் கெடையாது, அதனாலதான் "தள்ளிக்கிட்டே இருந்தாத்தான் ஓடும்"னு மனுசங்க ரெண்டாயிரம் வருசமா நம்புனாங்க, அரிஸ்டாட்டில்ல இருந்து வந்த நெனப்பு அது. கலிலியோ பலகையைச் சாச்சு வெச்சு குண்டை உருட்டி உருட்டிப் பாத்துத்தான், வழவழப்பு கூடக்கூட குண்டு இன்னும் தூரமாப் போகுது, எதுப்பே இல்லைன்னா நிக்கவே நிக்காதுன்னு புடிச்சாரு. அதை 1687ல நியூட்டன் தன்னோட மொத விதியா எழுதி வெச்சாரு.

எதுப்பு கிட்டத்தட்ட இல்லாத எடம் பாக்கோணும்னா மேல பாக்கோணும். வாயேஜர் 1 விண்கலம் 1977ல கெளம்புனது, இப்ப சூரியனை உட்டு செகண்டுக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்துல வெலகிப் போய்க்கிட்டே இருக்குது, அதைப் புடிச்சுத் தள்ற எஞ்சின் ஒண்ணும் ஓடிக்கிட்டில்லை. சூரியனோட இழுப்பு மட்டும் இன்னும் கொஞ்சூண்டு பின்னாடி புடிக்குது, அவ்வளவுதான்.

மலைமேல ஏர்றதுலயும் இதே கணக்குத்தான். மேட்டுப்பாளையத்துல ஏறுனா நீலகிரி ரயில் கல்லாறு தாண்டுனதும் சில எடத்துல 12 அடிக்கு ஒரு அடி மேல ஏறும், அந்தச் சரிவுல ஒவ்வொரு டன்னையும் 800 நியூட்டனுக்கு மேல பூமி பின்னாடி இழுக்கும். வெறும் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்துல வழுக்கிரும்னுதான் நடுவுல பல்லு வெச்ச பட்டை போட்டு, எஞ்சின்ல இருக்கற பல்சக்கரம் அதைக் கவ்விக்கிட்டு ஏர்ற மாதிரி கட்டுனாங்க. குன்னூர் வரைக்கும் 1899ல, ஊட்டி வரைக்கும் 1908ல ரயில் ஓட ஆரம்பிச்சுது. எஞ்சின் மூச்சு வாங்கி ஏர்றதைப் பாத்தா சமன் இல்லாத விசைன்னுதான் தோணும், ஆனா ஒரே வேகத்துல நேர்கோட்டுல ஏறிக்கிட்டிருக்கற வரைக்கும் மிச்சம் சைபர்தானுங்க. விசை பெருசா இருக்கறது வேற, மிச்சம் இருக்கறது வேற.

திசை மாறுனாலும் சமன் இல்லை

ஆழியாறுல இருந்து வால்பாறை போற ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு. டிரைவரு முள்ளை 20லயே வெச்சு வளைச்சாலும் பஸ்ஸோட திசை மாறுது, அப்ப விசை சமன் இல்லை, வளைவோட உள்பக்கம் பாத்து மிச்சம் இருக்குது. குடுக்கறது யாரு? டயருக்கும் ரோட்டுக்கும் இருக்கற உராய்வு. வளைவோட ஆரம் 10 மீட்டர்னு வெச்சா, மணிக்கு 20 கி.மீ.ங்கறது செகண்டுக்கு 5.6 மீட்டர், அதை அதாலயே பெருக்கி 10ஆல வகுத்தா 3.1, ஒவ்வொரு கிலோவுக்கும் 3.1 நியூட்டன் உள்பக்கம் வேணும். அதே வளைவை 40ல எடுத்தா ரெண்டு மடங்கு ஆகாதுங்க, நாலு மடங்கு, 12க்கு மேல போயிரும், காஞ்ச ரோட்டுலகூட சாதாரண டயரால அவ்வளவு குடுக்க முடியாது. மழையில ரோடு ஈரமா இருந்தா தாங்கறது இன்னும் கம்மி. வால்பாறை பக்கம் மழை எப்படிப் பெய்யும்னு தெரியும்ல, அதனால அங்க வண்டி ஓட்றவங்க தயவுசெஞ்சு வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைங்க, வளைவுக்குள்ள போயி பிரேக் அடிக்காதீங்க. வளைக்கவும் நிறுத்தவும் டயர்கிட்ட இருக்கறது ஒரே உராய்வுதான், ரெண்டு பக்கமும் பங்கு கேட்டா பத்தாது.

பஸ்ஸுக்குள்ள இருக்கற நமக்கு வெளிப்பக்கம் யாரோ தள்ற மாதிரி இருக்கும். மறுபடி அதே கேள்வியைக் கேளுங்க, யாரு தள்றா? யாருமில்லை. நம்ம ஒடம்பு நேராப் போகப் பாக்குது, பஸ்ஸு வளையுது, சீட்டும் கம்பியும் நம்மளை உள்பக்கம் தள்ளி பஸ்ஸோட கூட்டிக்கிட்டுப் போகுது. நேராப் போகப் பாக்கற அந்தக் கொணத்துக்குப் பேருதான் நிலைமம்.

மாட்டுவண்டிக் கேள்வி

இதுக்கு மட்டும் ஒரு சாயங்காலம் ஒதுக்கலாம், தகும். மாடு வண்டியை 600 நியூட்டன்ல இழுத்தா வண்டியும் மாட்டை 600 நியூட்டன்ல பின்னாடி இழுக்குது, இது நியூட்டனோட மூணாவது விதி. அப்ப ரெண்டும் அடிச்சுக்கிட்டு சைபர் ஆயிரும், வண்டி நகரவே கூடாதே? ஆனா பொள்ளாச்சி, உடுமலை பக்கம் ரேக்ளாப் பந்தயத்துல வண்டி பறக்குதே?

மொத வேலைக்குத் திரும்புங்க, ஒரே ஒரு பொருள். வண்டியை மட்டும் எடுங்க: முன்னாடி 600, சக்கரத்துல எதுப்பு 400, மிச்சம் 200. வண்டி 400 கிலோன்னா 200ஐ 400ஆல வகுத்து 0.5. வண்டி மாட்டை இழுக்கற 600 வண்டிமேல இல்லைங்க, அது மாட்டுமேல இருக்குது, வண்டிக் கணக்குல அதுக்கு எடமே கெடையாது.

இப்ப மாட்டை மட்டும் எடுங்க. ஒரு ஜோடி காங்கேயம் காளை, ரெண்டும் சேந்து 800 கிலோன்னு வெச்சுக்கலாம். வண்டி பின்னாடி 600 இழுக்குது, அப்ப மாட்டை முன்னாடி தள்றது யாரு? தரை! மாடு குளம்பை ஊணி தரையைப் பின்னாடி ஒதைக்குது, தரை மாட்டை முன்னாடி தள்ளுது. அது 1000 நியூட்டன்னா மிச்சம் 400, 800ஆல வகுத்தா அதே 0.5. மாடும் வண்டியும் ஒரே மாதிரி வேகம் புடிக்குது, கணக்கு நேராச்சு. சேத்துல மாடு வழுக்குச்சுன்னா எவ்வளவு தெம்பு இருந்தாலும் வண்டி நகராததுக்குக் காரணமும் இதுதான், தரை தள்ளலைன்னா மாட்டுக்கு வேற கதி இல்லை. வினை-எதிர்வினை ரெண்டும் ரெண்டு வேற வேற பொருள்மேல இருக்கும், ஒரே பொருளோட கணக்குல சேந்து அடிச்சுக்கவே அடிச்சுக்காது. இதை நோட்டுல பெருசா எழுதி வெச்சுக்கோங்க.

விழறதுல ரெண்டு விதம்

20 மீட்டர் தென்னைமரத்துல இருந்து காய் விழுந்தா தரைக்கு வர ரெண்டு செகண்டுதான், வந்து சேர்றப்ப மணிக்கு 70 கி.மீ. வேகம். பூமியோட இழுப்பு பெருசு, அதுக்கு முன்னாடி காத்தோட எதுப்பு சின்னது, மிச்சம் கீழ பாத்து இருந்துக்கிட்டே இருக்கும், வேகமும் கூடிக்கிட்டே வரும். காய் போடறப்ப மரத்தடியில புள்ளைங்களை உடாதீங்க.

மழைத்துளி வேற. ஒரு கிலோமீட்டர் ஒசரத்துல இருந்து காத்தே இல்லாம விழுந்தா மணிக்கு 500 கி.மீ.ல வந்து மண்டையில எறங்கும். அப்படி நடக்கறதில்லை, ஏன்னா வேகம் கூடக்கூட காத்தோட எதுப்பும் கூடிக்கிட்டே போகும், ஒரு கட்டத்துல துளியோட எடையும் எதுப்பும் சமமாயிரும், அதுக்கப்பறம் வேகம் கூடாது. பெரிய துளிகூட செகண்டுக்கு 9 மீட்டர் கிட்டத்தான் வரும், சாரல் துளி அதைவிட நெம்ப மெதுவு. விழுந்துக்கிட்டே இருக்கறப்பவே விசை சமன், பாத்தீங்களா.

செஞ்சு பாக்கோணும்

படிச்சா மட்டும் பத்தாதுங்க. பையெல்லாம் எடை போடற கொக்கி வெச்ச தராசு ஒண்ணு வாங்குங்க, முள்ளு வெச்சது கெடைச்சா இன்னும் நல்லது, எண்ணு வர்றது சிலதுல எடை நெலைச்சதுக்கப்பறம்தான் காட்டும். அதுல ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டு அசையாமப் புடிங்க, ஒரு அளவு காட்டும். வெடுக்குன்னு மேல தூக்குங்க, எச்சாக் காட்டும். அப்பறம் ஒரே சீரா மெதுவா தூக்கிக்கிட்டே இருங்க, அசையாமப் புடிச்சப்ப இருந்த அதே அளவுக்கு வந்துரும். கெணத்துல வாளி எறைச்சவங்க கைக்கு இது ஏற்கனவே தெரியும், எடுக்கறப்பத்தான் வெட்டு, அப்பறம் சீரா வரும். மேல வந்து நிறுத்தறப்ப தராசு ஒரு நொடி கம்மியாக் காட்டும், அது ஏன்னு புள்ளைங்களையே சொல்லச் சொல்லுங்க.

போன்ல ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்குது, ஜெர்மனியில ஆகன் பல்கலைக்கழகத்துக்காரங்க பண்ணுனது. அதுல புவியீர்ப்பைக் கழிச்சுட்டு முடுக்கம் காட்ற பகுதியைத் தொறந்து பஸ்ஸுல மடிமேல தட்டையா வெச்சுப் பாருங்க. கெளம்பறப்ப கோடு ஒரு பக்கம் ஏறும், பிரேக் போட்டா எதிர்ப்பக்கம் போகும், ஒரே வேகத்துல போறப்ப ரோட்டு ஆட்டத்தைத் தவிர சைபரைச் சுத்தியே கெடக்கும். டீ குடிக்க நிறுத்துன பஸ்ஸுலயும் சைபர், 60ல சீராப் போற பஸ்ஸுலயும் சைபர். எவ்வளவு வாயால சொன்னாலும் ஏறாதது அந்தக் கோட்டைப் பாத்ததும் ஏறிரும்.

பரீட்சைக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை: எடையை கிலோவுல எழுதாதீங்க, கிலோ நிறைக்கு, எடை விசை, அதனால நியூட்டன். மார்க் போறது பாதி இங்கதான். கணக்கு எழுதறதுக்கு முன்னாடி அம்புப் படம் போடுங்க, கேக்கலைன்னாலும் போடுங்க.

கடைசியா யோசிக்க ஒண்ணு குடுக்கறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துல பல்லடம், உடுமலை பக்கமெல்லாம் கரண்ட் எடுக்கற காத்தாடி சுத்துதுங்களே, றெக்கை ஒரே சீரா சுத்திக்கிட்டிருக்கறப்ப விசை சமனா இல்லையா? ரெண்டாப் பிரிச்சுப் பாக்கோணும். காத்து சுத்தி உடற பலமும் ஜெனரேட்டர் எதுக்கற பலமும் சமம், அதனாலதான் சுத்தற வேகம் மாறல. ஆனா றெக்கை நுனியில இருக்கற ஒரு துண்டை மட்டும் தனியா எடுத்துப் பாத்தா அதோட திசை நொடிக்கு நொடி மாறுது, அப்ப அதுமேல விசை சமன் இல்லை, நடுமையத்தைப் பாத்து றெக்கையோட மத்த பாகம் அதை இழுத்துக்கிட்டே இருக்குது. வால்பாறை வளைவுல பஸ்ஸுக்குப் போட்ட கணக்கை இந்தத் துண்டுக்கும் போட்டுப் பாருங்க, ஆரத்துக்கு 40 மீட்டர், நுனி வேகத்துக்கு செகண்டுக்கு 60 மீட்டர்னு வெச்சுக்கோங்க, ஒவ்வொரு கிலோவுக்கும் 90 நியூட்டன் வரோணும்.